காந்தக் கம்பியும் பத்துக் கார்டுகளும்

வங்கிக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு முதல் வாரத்திலேயே அந்தப் படிவத்தைக் காட்டியிருப்பார்கள். பழுதான கார்டுக்குப் பதில் புதுக் கார்டு கேட்கும் படிவம். அதில் 'காரணம்' என்று ஒரு பகுதி, அதன் கீழே மூன்று கட்டங்கள்: தொலைந்தது, உடைந்தது, வாடிக்கையாளரின் கவனக்குறைவு. மூன்றில் ஒன்றில் டிக் அடித்தால்தான் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகும். முப்பத்து நான்கு வருடம் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், அந்த மூன்றாவது கட்டத்துக்குக் கை போகும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நான் நிறுத்தவில்லை. இரண்டு வருடம் அடித்துத் தள்ளினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு சின்னக் கிளை அது. கார்டும் ஏடிஎம்மும் என் பொறுப்பு. அப்போது கார்டில் சிப் என்கிற சில்லு கிடையாது. முதுகில் ஓடும் கறுப்புப் பட்டைதான் எல்லாம். கணக்கு விவரம் அந்தப் பட்டையில் காந்தமாகப் பதிந்திருக்கும். அது அழிந்துவிட்டால் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு. இப்போதுதான் சில்லு வந்துவிட்டதே, போனை நீட்டினால் வேலை முடிகிறதே, இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு என்று யாராவது கொட்டாவி விட்டால் விடட்டும். பட்டை இன்னும் கார்டின் முதுகில்தான் இருக்கிறது. கவனக்குறைவு என்ற கட்டமும் படிவத்தில்தான் இருக்கிறது.

எங்கள் கிளைக்குக் கூப்பிடு தூரத்தில் உப்பு அரைத்துப் பொட்டலம் போடும் கொட்டகை ஒன்று இருந்தது. பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள். கூலியை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்று ஆனபோது பதினோரு பேருக்கும் கணக்குத் திறந்து, கார்டு கொடுத்து, ஏடிஎம்மில் எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதுவரை கூலி வாரக் கடைசியில் கொட்டகை வாசலில் பட்டுவாடா ஆகும். பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் வந்து மேஸ்திரியிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார். வேலை செய்தவள் வெறுங்கையோடு பின்னால் நடப்பாள். கார்டு வந்ததும் அது நின்றது. ஒரு பெண் முதல் தடவை இயந்திரத்திலிருந்து நோட்டை உருவி எடுத்து, அதை எண்ணாமல் சும்மா பார்த்துக்கொண்டே நின்றது எனக்கு நினைவிருக்கிறது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்திய பிறகுதான் நகர்ந்தாள்.

ஆனால் அந்தக் கார்டுகள் செத்துக்கொண்டே இருந்தன. மூன்று மாதம் தாங்கினால் அதிகம். 'கார்டைப் படிக்க இயலவில்லை' என்று திரையில் வரும், உடனே என் மேசைக்கு வருவார்கள். புதுக் கார்டு தபாலில் வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை பாஸ்புக்கோடு கவுன்டரில் வந்துதான் எடுக்க வேண்டும். நம் கவுன்டர் பத்து மணிக்குத் திறக்கும். அவர்களுக்கு ஏழு மணிக்கே வேலை தொடங்கிவிடும். வந்தால் அரை நாள் கூலி போகும்.

நான் என்ன செய்தேன்? உப்பு என்று முடிவு கட்டினேன். உப்புக் கை, உப்பு வேர்வை, உப்புக் காற்று, கார்டு அரிக்காமல் என்ன செய்யும்? யாரையும் கேட்கவில்லை, எதையும் சோதிக்கவில்லை. மூடும் பிளாஸ்டிக் உறை வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். உறைக்குள் புத்தம் புதிதாகப் பளபளத்த கார்டும் செத்துக்கொண்டு வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். வருடத்தில் நான்காவது கார்டோடு அவள் வந்த அன்று கிளையில் நல்ல கூட்டம். எனக்கு எரிச்சல். "எத்தனை தடவைதான் சொல்றது? ஒரு கார்டை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டுவிட்டேன்.

அவள் கார்டை என் மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"உப்புதான் சாவடிக்குதுன்னு சொல்றீங்களே மேடம், அளத்துல எறங்கி உப்பு வார்றாளே என் நாத்தனா, அவ உப்புலயேதான் நிக்கறா. அவ கார்டு ரெண்டு வருசமா நல்லாத்தான் இருக்குது. அளத்துல வேல செய்யறவ கார்டு ஒண்ணு கூட சாவல. கொட்டாயில வேல செய்யறவ கார்டுதான் சாவுது. அது ஏன்னு நீங்க கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிவேட்டைப் பார்த்தே தெரிந்திருக்கும். அன்று சாயங்காலம் உட்கார்ந்து புரட்டினேன். அளத்துப் பெண்கள் அத்தனை பேர், அவர்கள் கேட்ட புதுக் கார்டு இரண்டே இரண்டு, இரண்டும் தொலைந்தவை. பட்டதாரி நான், எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட எரிச்சலாக இருந்தது. மறுநாள் கொட்டகைக்குப் போனேன்.

அரைத்த உப்பு ஒரு சரிவான தகட்டில் வழிந்து கீழே வரும். இயந்திரத்திலிருந்து உதிரும் துருவும் இரும்புத் தூளும் உப்போடு போகாமல் இருக்க, தகட்டின் குறுக்கே முழங்கை நீளத்தில் காந்தக் கம்பிகள் வைத்திருந்தார்கள். மணிக்கொரு முறை யாராவது ஒரு பெண் கம்பியை உருவி, இடுப்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துணியால் இழுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுவாள். முறை வைத்துப் பதினோரு பேரும் செய்வார்கள். நான் கிட்டே போய்க் குனிந்தேன். என் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவிக் கொத்து பிடுங்கிக்கொண்டு போய்க் கம்பியில் ஒட்டியது. இழுத்து எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கன்னியம்மாவிடம் கேட்டேன். "கார்டை எங்க வச்சிருப்பே?"

அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். புடவைச் செருகலில் சுருக்குப் பை. பதினோரு பேருக்கும் அப்படித்தான். அதன் மேல்தான் கம்பி சாயும்.

இவ்வளவுதான் விஷயம். உப்புக்கும் பட்டைக்கும் சம்பந்தமே இல்லை. பிளாஸ்டிக் உறை காந்தத்தைத் தடுக்காது. ஒரு சாண் தள்ளி இருந்திருந்தால் ஒரு கார்டும் போயிருக்காது. ஏடிஎம் பழுது பார்க்க வரும் மெக்கானிக் ஒருவர் இதை முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். கோட்டக்குப்பத்தில் ஓர் அம்மா, மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பும் கணக்கின் கார்டை, கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் தொலையாது என்று ஃப்ரிட்ஜ் கதவில் காந்தப் பொம்மைக்கு அடியில் செருகி வைத்திருந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கைப்பை பட்டென்று மூடுவதும் காந்தப் பொத்தானால்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. என்னுடைய கார்டும் அதற்கு முந்தைய வருடம் செத்தது. ஊழியர் படிவத்தில் கட்டங்கள் கிடையாது, காரணத்தை நாமே எழுதலாம்; நான் எழுதியது 'இயல்பான தேய்மானம்'. அதிகாரியின் கார்டு என்றால் தேய்மானம், உப்புக் கொட்டகைக்காரியின் கார்டு என்றால் கவனக்குறைவு. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது என் முதல் தவறு. இரண்டாவதுதான் பெரிய தவறு. அதை நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் செய்தேன்.

காரணம் தெரிந்துவிட்ட உற்சாகத்தில் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இனிமே யாரும் கார்டோட உள்ள வரக் கூடாது, வெளியே பத்திரமா வச்சுட்டுத்தான் வரணும், நீங்க பாத்துக்கங்க" என்று சொன்னேன். அவர் பவ்வியமாகத் தலையாட்டினார். 'வெளியே' என்றால் எங்கே, 'பத்திரம்' என்றால் யார் கையில் என்று நான் சொல்லவில்லை. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதன் பிறகு இரண்டு மாதம் கொட்டகையிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலாளரிடம் சொன்னேன், வட்டார அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், பாராட்டி ஒரு வரி பதில்கூட வந்தது. அந்தப் பெண்கள் ஏன் ஏடிஎம் பக்கமே வரவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கன்னியம்மா வந்தாள். வேலை நேரம்.

"இன்னிக்கு வேலைக்குப் போகலியா?"

"போனேன். கேட்டுலயே நிறுத்திட்டாங்க. கார்ட குடுத்தா உள்ள வா, குடுக்கலன்னா வூட்டுக்குப் போன்னுட்டாரு மேஸ்திரி."

"கார்டை எதுக்குக் குடுக்கணும்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்கதான சொன்னீங்க மேடம்? பேங்க்கு மேடமே சொல்லிட்டாங்கன்னு சொல்லித்தான் வாங்கறாரு. பத்து பேரு கார்டும் அவரு பீரோவுல இருக்குது. கவர் மேல நாலு நம்பரும் எழுதி வச்சிக்கிறாரு. கூலிய அவரே எடுத்தாந்து பழையபடி கேட்டாண்ட குடுக்கறாரு. புருசன்காரன் வந்தான்னா அவன் கையில. நான் ஒருத்திதான் குடுக்கல. ரெண்டு மாசமா இன்னிக்குத் தரேன், நாளைக்குத் தரேன்னு ஓட்டிட்டேன். இனிமே ஓட்ட முடியாது."

காந்தம் பட்டையை மட்டும்தான் அழித்தது. என் ஒரு வாக்கியம் அந்தப் பெண்கள் கைக்கு வந்த உரிமையையே எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டது. அதுவும் என் பெயரைச் சொல்லி.

"குடுத்துடட்டுமா மேடம்? நீங்க குடுன்னா குடுத்துடறேன்" என்றாள். கையிலிருந்த கார்டை விடாமல் பிடித்திருந்தாள். இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல உங்களுக்கு நேரம் கிடைக்காது. அவளுக்கு வேலை போகும். குடுக்காதே என்று சொல்லிவிட்டு மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கப்போவது நான். ஆனாலும் சொன்னேன்.

"குடுக்காதே. நான் சொன்னது தப்பு. தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் சிரிக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. "அத நீங்க மத்தவளுங்க கிட்டயும் சொல்லணும்" என்றாள்.

அன்று மதியமே மேஸ்திரி வந்து நேரே மேலாளர் அறைக்குப் போனார். சிறிது நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. கார்டுகள் பழுதாவதைத் தடுக்க அவற்றை நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்திருப்பது வங்கியின் அறிவுரைப்படியே என்று இரண்டு வரி. கீழே என் பெயர், பதவி. கையெழுத்து மட்டும் பாக்கி.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. கொட்டகை முதலாளியின் பெரிய கணக்குகள் எங்கள் கிளையில் இருந்தன. அவை போய்விட்டால் மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "நீங்க வாயால சொன்னதுதானே, எழுத்துல குடுத்துடுங்க, பிரச்சினை முடிஞ்சுது" என்றார்.

"வாயால சொன்னது தப்பு சார். தப்பை எழுத்துல வேற குடுக்கணுமா?"

மேஸ்திரி குறுக்கே புகுந்தார். "நல்லதுக்குத்தான் மேடம் செய்யறோம். அதுங்களுக்கு இன்னா தெரியும்?"

"உங்களுக்கு முன்னாடி, எனக்கு முன்னாடி, அதுங்கள்ல ஒருத்திக்குத்தான் காரணம் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கிழிக்கவில்லை. கிழித்தால் ஆதாரம் போய்விடும். கோபம் வந்தாலும் காகிதத்தைக் கிழிக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் கன்னியம்மா வீடு வீடாகப் போனாள். நானும் பஸ்ஸை விட்டுவிட்டு அவளோடு போனேன். பத்து வீட்டு வாசலிலும் நின்று, நான் சொன்னது தப்பு, கார்டை யாரிடமும் கொடுக்கத் தேவையில்லை என்று சொன்னேன். பெருமுக்கல் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண்ணின் மாமியார், "இத்த அன்னிக்கே ஒழுங்கா சொல்லியிருந்தா இன்னா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பேரும் கிளைக்குள் வந்தார்கள். புடவையிலும் கையிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. முன்னால் கன்னியம்மா.

பீரோவிலிருந்து கார்டுகளைத் திரும்ப வாங்க மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை என்று இரவே முடிவு செய்திருந்தேன். கார்டு வங்கியுடையது, கணக்கு அவளுடையது. கார்டு தன் வசம் இல்லை, ரகசிய எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் எழுதிக் கொடுத்தால் அந்தக் கார்டை முடக்க எனக்கு அதிகாரம் உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பத்துத் தாள்களை அவர்கள் முன்னால் வைத்தேன்.

"ஒண்ணு சொல்லிடறேன். இதுல கையெழுத்துப் போட்டா உங்க வேலைக்கு ஆபத்து வரலாம். வந்தா என்னால வேலை வாங்கித் தர முடியாது. யோசிச்சுப் போடுங்க."

மூத்தவள் ஒருத்தி பேனாவை எடுத்தாள். "பதினோரு பேரையும் நிறுத்திட்டா மேக்னட்டு கம்பிய யாரு தொடைப்பா? மேஸ்திரியா?"

சிரிப்பு கிளம்பியது. கிளையே திரும்பிப் பார்த்தது. ஒவ்வொருத்தியாகப் போட்டாள். மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்து, முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செய்யலாமே என்றார். "கார்டு முதலாளி பேர்ல இல்ல சார்" என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துக் கார்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முடக்கினேன். காந்தத்துக்கு மூன்று மாதம் ஆகும். எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. என் பணிக்காலத்தில் நான் இவ்வளவு மகிழ்ச்சியாக வேறு எந்தப் பதினைந்து நிமிடமும் வேலை செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகையில் யாரும் காந்தக் கம்பியைத் தொடவில்லை. கன்னியம்மா உள்ளே வந்தால்தான் தொடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். துருவோடு உப்பு போனால் சரக்கு திரும்பி வரும், அது முதலாளிக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். செவ்வாயிலிருந்து வியாழன் வரை மூன்று நாளும், பேங்குக்கு வந்து போன நேரம் தவிர, அவள் தினமும் காலை ஏழு மணிக்குக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

புதுக் கார்டுகள் வந்ததும் ஒவ்வொருத்தி கையிலும் நானே கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் தனியாக ஏடிஎம்மில் எண்ணைப் போடும்போது நான் முதுகைத் திருப்பிக்கொண்டு வாசலில் நின்றேன். வேலை நேரத்தில் கார்டு எங்கே இருக்க வேண்டும் என்பதை இம்முறை நான் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. அவர்களே முடிவு செய்தார்கள். கம்பியிலிருந்து பத்தடி தள்ளி, எல்லார் கண்ணிலும் படுகிற சுவரில் பதினோரு ஆணி. ஆளுக்கொரு ஆணியில் அவளவள் சாப்பாட்டுப் பை, பைக்குள் கார்டு. பிறகு ஒரு கார்டும் சாகவில்லை.

முதலாளி கணக்குகளை வானூரிலுள்ள இன்னொரு வங்கிக்கு மாற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. கிளையின் முக்கிய வாடிக்கையாளரைக் கலந்து ஆலோசிக்காமல் நடந்துகொண்டதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருடம் என் பெயர் இருந்தது. அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மா ஏடிஎம்மில் எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை என் மேசைக்கு முன் அவள் உட்கார்ந்ததே இல்லை, நானும் உட்காரச் சொன்னதில்லை.

"ஒங்களுக்கு எதனா ஆவுமா?"

"ஆகும். ப்ரமோஷன் நின்னு போகும். இந்த ஊரை விட்டுத் தூக்கினாலும் தூக்குவாங்க."

அவள் எடுத்த பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினாள்.

"தூக்கட்டும் மேடம். நான் மூணு நாளு கேட்டுக்கு வெளிய நின்னேனே. நிக்கலாம். ஒண்ணும் ஆவாது."

ஏழு நாள் எனக்குத் தேவைப்படவில்லை. அவள் போனதும் விளக்கத்தை எழுதினேன். கொட்டகையில் நான் சொன்ன தவறான வாக்கியத்தை முதல் பத்தியில் ஒப்புக்கொண்டேன். கையெழுத்துப் போட மறுத்த கடிதத்தின் நகலை இணைத்தேன். மன்னிப்பை அந்தப் பதினோரு பெண்களிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, இதே நிலைமை மறுபடி வந்தால் அந்தப் பத்துக் கார்டையும் மறுபடி முடக்குவேன் என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.